மாமியார் விட்டுப்போன முப்பத்தெட்டு

வெண்டல் ப்ரூபேக்கர் எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார். செருமிவிட்டுச் சொன்னால் அது தீர்ப்பு. க்ரூக்கெட் ரன் துப்பாக்கிக் கிளப்பில் நாற்பது வருஷமாக அந்தச் செருமலுக்கு மேல் அப்பீல் கிடையாது. பென்சில்வேனியா முழுக்கவே கிடையாது என்பது அவருடைய கருத்து.

அன்று சனிக்கிழமை காலை, அவர் கையில் ட்ரூடி ஹவ்ரிலாவின் இலக்குத் தாள் இருந்தது. பதினைந்து கஜத்திலிருந்து அவள் தன் முப்பத்தெட்டு அளவுக் குழல் ரிவால்வரால் சுட்ட ஐந்து குண்டுகளில் இரண்டு தாளின் பக்கமே வரவில்லை. வந்த மூன்றும் வட்டமாகத் துளைக்காமல், பக்கவாட்டில் படுத்துக்கொண்டே போய், சாவித்துவாரம் மாதிரி நீளமாகக் கிழித்திருந்தன.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க." தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "குண்டுன்னா மூக்கால போகணும். இது இடுப்பால போயிருக்கு."

காப்பிக் கோப்பைகளோடு நின்றவர்கள் சிரித்தார்கள். ட்ரூடியும் சிரித்திருப்பாள். துப்பாக்கி வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால்.

செருமல். "குழல் தேஞ்சுபோச்சு ட்ரூடி. உள்ள இருக்கிற சுருள்வரி பல்லு போன வாய் மாதிரி ஆயிடுச்சு. குண்டைப் பிடிச்சுச் சுத்தி விடுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

"நேத்துகூட விளக்கு அடிச்சுப் பார்த்தேன். வரி நல்லாத்தான் தெரியுது."

"தெரியிறது வேற, இருக்கிறது வேற."

எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. வெண்டல் பேச்சில் தலையாட்ட வைக்கிற இடமெல்லாம் அப்படிப்பட்ட இடம்தான்.

"ஒருவேளை குண்டுல ஏதாவது..." என்று ட்ரூடி ஆரம்பித்தாள்.

"குண்டுலயா?" வெண்டல் சுற்றிப் பார்த்தார், குழந்தை ஏதோ அபத்தமாகக் கேட்டுவிட்ட பாவனையில். "என் குண்டுலயா?"

கிளப்பில் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்துக் கையால் தோட்டா கட்டுகிற எல்லாரும் வெண்டல் வார்த்த ஈயக் குண்டைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்கான ஈயம் ட்ரூடி வேலை பார்க்கிற டயர் கடையிலிருந்து போனது: கார்ச் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுகிற எடைகள், பழசாகிக் கழற்றியவை, வாளி வாளியாக. வெண்டல் அவற்றை உருக்கி, அச்சில் ஊற்றி, சூடு ஆறுமுன் ஐஸ் தண்ணீர் வாளியில் போடுவார். அதனால் ஈயம் இறுகும். இறுகிய குண்டை ஒரு இயந்திரத்தில் தள்ளி ஒரே அளவாக்கி, நீல மெழுகு பூசி, பெட்டியில் அடுக்குவார். பெட்டியின் மேல் அவருடைய முகம். 'ப்ரூபேக்கர் பிரிசிஷன்: நகம் பதியாத ஈயம்' என்று கீழே எழுத்து. முகத்திலும் நகம் பதியாது போலத்தான் இருக்கும்.

"என் குண்டு எந்த முப்பத்தெட்டுலயும் போகும். இந்த முப்பத்தெட்டுல போகலைன்னா இது துப்பாக்கி இல்ல, பேப்பர்வெயிட்." சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். "வாசல்ல கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல, புதுசா வர்றவங்களுக்குப் பாடம் சொல்ல? அதுல வெச்சுடலாம். கௌரவமான இடம்."

அந்தப் பெட்டியில் ஏற்கெனவே வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்த ஒரு வேட்டைத் துப்பாக்கிக் குழலும், யாரோ ஒருவரின் கட்டைவிரல் எக்ஸ்ரேயும் இருந்தன. அட்டையில் இப்படி இருந்தது: 'வேலைக்கு ஆகாதது. பரிசோதித்துச் சான்றளித்தவர்: வெண்டல் ஜே. ப்ரூபேக்கர்.' பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரமெல்லாம் ஒட்டி, கனகச்சிதமாக.

"இத எப்ப லாமினேட் பண்ணீங்க?" என்றாள் ட்ரூடி.

"வியாழக்கிழமை."

அதாவது அவள் சுடுவதற்கு இரண்டு நாள் முன்னால்.

ட்ரூடிக்குக் காது மடல் சூடானது. அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. டயர் கடைக் கவுண்டரில் இருபது வருஷமாக எல்லா விதமான ஆண்களையும் சமாளித்தவள். சமாளிக்கிறவர்களுக்கும் ஒரு நாள் வாய் முந்திக்கொள்ளும்.

"மாசக் கடைசில ஹாம் பரிசு வெக்கிற போட்டி வருதுல்ல?" என்றாள். "அன்னிக்கு இதே துப்பாக்கில அஞ்சு சுடுறேன். அஞ்சும் வட்டமா விழலைன்னா, நானே கொண்டுவந்து உங்க பெட்டில வைக்கிறேன். விழுந்துச்சுன்னா, அந்தப் பெட்டில எதை வைக்கணும்னு நான் சொல்லுவேன்."

"ஆர்லோ, எழுதிக்கோ," என்றார் வெண்டல்.

கிளப் தலைவர் ஆர்லோ எழுதிக்கொண்டார். அவர் எதையும் எழுதிக்கொள்வார். அதற்காகத்தான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள்.

*

"அம்மா துப்பாக்கிய பந்தயத்துல வெச்சுட்டியா?" என்றான் எமில். அவள் கணவன். பம்பு செய்கிற ஆலையில் கடைசல்காரன். "அம்மாவ வெச்சிருந்தாகூட ஒத்துக்கிட்டிருப்பேன்."

எமிலின் அம்மா, பெரிய திருமதி ஹவ்ரிலா, உயிரோடு இருந்தவரை யாரையும் பாராட்டியதில்லை. ஈஸ்டர் ரொட்டி நன்றாக வந்தால் 'அடுப்பு நல்ல அடுப்பு' என்பாள். அவள் போனபிறகு உயிலைப் பிரித்தார்கள். பீங்கான் தட்டுகள் மூத்த மருமகளுக்கு. தையல் மிஷின் மகளுக்கு. கடைசி வரி: 'கைப்பையில் இருக்கும் ரிவால்வர் ட்ரூடிக்கு. அவளுக்காவது அதை வைத்து என்ன செய்வதென்று தெரியும்.'

இருபத்தெட்டு வருஷ மருமகள் வாழ்க்கையில் ட்ரூடிக்குக் கிடைத்த ஒரே நற்சான்று. அதுவும் மற்ற எல்லாரையும் திட்டுகிற சாக்கில். ஆனாலும் சான்று சான்றுதான். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள், கட்டைவிரல் எக்ஸ்ரேவுக்குப் பக்கத்தில் வைக்க அவளால் முடியாது.

சின்னத் துப்பாக்கி. உள்ளங்கையில் அடங்கும். ஐந்து தோட்டா. மேலே இருக்கிற கொக்கியைத் தூக்கினால் நடுவில் மடிந்து திறந்து, காலிக் கூடுகளைத் தானே வெளியே தள்ளும். எமிலின் அம்மா பிறப்பதற்கு முன்பே செய்தது. அதற்குப் போடுவது குட்டை முப்பத்தெட்டுத் தோட்டா. இன்றைக்குக் கடைகளில் கிடைப்பது நீள முப்பத்தெட்டு. நீளத்தில்தான் வித்தியாசம், மற்றபடி குண்டு இரண்டுக்கும் ஒன்றுதான் என்பது கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அளந்து பார்த்ததில்லை.

ட்ரூடி அளந்தாள். எமிலின் மீன்பிடிப் பெட்டியிலிருந்து ஒரு ஈயக் குண்டுமணியை எடுத்தாள், தூண்டில் கயிற்றில் கோக்கிற சுத்த ஈயம். காலித் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழலுக்கு எண்ணெய் தடவி, ஈயத்தை அதன் வாயில் வைத்து மரச் சுத்தியலால் தட்டினாள். பிறகு ஒரு மரக்குச்சியால் மெதுவாக மறுபக்கம் வரை தள்ளினாள். வெளியே விழுந்த ஈயத்தின் இடுப்பைச் சுற்றிலும் சுருள்வரிகள் தெளிவாகப் பதிந்திருந்தன, நேற்றுச் செய்த குழல் மாதிரி.

"பல்லு எல்லாம் இருக்கே," என்றான் எமில். மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினான். "முந்நூத்தி அறுபத்தொண்ணு."

"வெண்டல் குண்ட வை."

"முந்நூத்தி ஐம்பத்தெட்டு."

அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு வித்தியாசம். ஒரு தலைமுடியின் கனம். குழலுக்குள் அந்தக் குண்டு வரியைத் தொடாமலே, பெரிய செருப்புப் போட்ட குழந்தை மாதிரி இடறிக்கொண்டு போயிருக்கிறது. வெளியே வந்ததும் தலைகுப்புற விழாமல் என்ன செய்யும்? மென்மையான ஈயமாக இருந்தாலாவது பின்னால் வெடிக்கிற மருந்தின் அழுத்தத்தில் கொஞ்சம் பிதுங்கி இடைவெளியை அடைத்திருக்கும். ஆனால் நகம் பதியாத ஈயம் ஆயிற்றே. குட்டைத் தோட்டாவுக்குள் இருக்கிற துளி மருந்துக்கு அது மசியுமா?

"தேஞ்சது குழல் இல்ல," என்றாள் ட்ரூடி.

"உடனே போன் பண்ணி வெண்டல்கிட்ட சொல்லு."

"சொன்னா, 'அளவு வேற, அளக்கிறது வேற'ம்பாரு. சுட்டுத்தான் காட்டணும்."

*

பெரிய குண்டு வேண்டுமென்றால் பெரிய அச்சு வேண்டும். சொல்லிச் செய்தால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அவளிடம் மூன்று வாரம் இருந்தது, அதில் நாலு நாள் போய்விட்டது.

அச்சு என்பது இரண்டு இரும்புக் கட்டைகள். மூடினால் நடுவில் குண்டு வடிவத்தில் குழி. ட்ரூடி தன்னிடம் சும்மா கிடந்த நீள முப்பத்தெட்டு அச்சைத் திறந்து மூடி, மூடித் திறந்து, சமையலறை மேஜையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நிலவறைக்குப் போய், வீட்டைச் சூடேற்றும் அடுப்பின் காற்றுக் குழாயில் எமில் ஒட்டியிருந்த அலுமினிய டேப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அது கிழிஞ்சா வீட்டுக்குள்ள புகை வரும்," என்றான் எமில்.

"நவம்பருக்குத்தான் அடுப்பு. இது அக்டோபர்."

டேப்பை அரிசி அளவுக்கு வெட்டி, ஒரு கட்டையின் முகத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினாள். இப்போது அச்சை மூடினால் ஒரு முடிக் கனம் மூடாமல் நிற்கும். குழியும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

அடுத்தது ஈயம். இருபது வருஷத்தில் எந்தச் சக்கர எடை எதனால் ஆனது என்று கைக்குத் தெரிந்திருந்தது. கிளிப்பு வைத்து அடிக்கிறது இறுகிய ஈயம். பசையால் ஒட்டுகிறது மென்மையான ஈயம். புதுசாக வருகிற துத்தநாகம் எதற்கும் உதவாது, உருக்கினால் சட்டியே கெடும். நல்லதையெல்லாம் வெண்டல் கேட்டு வாங்கிப் போவார். 'வெண்ணெய் மாதிரி இருக்கு' என்று அவர் தள்ளிவிட்ட ஒட்டு எடைகள் ஒரு வாளி, கடையின் பின்பக்கம் கிடந்தது. அதைத்தான் ட்ரூடி வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு உருக்கினாள். துளி வெள்ளீயம் சேர்த்தாள். மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டுக் கிளறினாள். கசடு மேலே வந்தது, வழித்தாள். முதல் இருபது குண்டு சுருங்கிய முகத்தோடு வந்தது. அச்சு இன்னும் சூடாகவில்லை. மறுபடி சட்டியில். பிறகு வந்தவை வெள்ளியாக, கூர்மையான விளிம்போடு, மடித்த துண்டின் மேல் தட் தட்டென்று விழுந்தன. தண்ணீர் வாளி இல்லை. தானாக ஆறட்டும்.

மைக்ரோமீட்டர்: முந்நூற்று அறுபத்தொன்று. எமில் ஒவ்வொன்றாக அளந்துவிட்டு, "பிறந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு அளந்ததில்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னாலிருக்கிற கல்குவாரிச் சரிவில் தாளை நட்டு ஐந்து சுட்டாள். நடந்து போய்ப் பார்த்தாள்.

நாலு சாவித்துவாரம். ஒரு வட்டம்.

எமில் அவள் முகத்தைப் பார்த்தான். "ஹாம் கடையிலயும் கிடைக்கும் ட்ரூடி. தேன் தடவினதே கிடைக்கும்."

"வாய மூடு எமில்."

வெண்டல் சொன்னதுதான் சரியோ? தெரிவது வேறு, இருப்பது வேறுதானோ? அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தான் வந்துவிட்டோம் என்று உறைத்ததும் ட்ரூடிக்குப் பயமே வந்துவிட்டது.

அந்த ஒரு வட்டம்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது. குழல் தேய்ந்திருந்தால் ஒன்றுகூட வட்டமாக விழக்கூடாது. மிச்சமிருந்த தோட்டா ஒன்றை எடுத்து, குண்டு கழற்றுகிற பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் மாட்டி, கான்கிரீட்டில் நாலு அடி அடித்தாள். உள்ளேயிருந்து குண்டு வந்தது.

அளந்தாள். முந்நூற்று ஐம்பத்தெட்டு.

"கூடு நசுக்கியிருக்கு!" என்று கத்தினாள். பக்கத்துத் தோட்டத்தில் நாய் குரைத்தது.

மென்மையான ஈயம். அதைப் பித்தளைக் கூட்டுக்குள் அழுத்தும்போது, கூட்டின் வாய் இறுக்கமாக இருந்ததால் குண்டின் இடுப்பைப் பிடித்துச் சுருக்கிவிட்டிருக்கிறது. கூட்டின் வாயை முன்கூட்டி விரித்துக் கொடுக்கிற ஒரு சின்ன முளை உண்டு. அது நீள முப்பத்தெட்டுக்குச் செய்த ஒல்லி முளை. அதாவது இத்தனை நாளாக அவளும் 'முப்பத்தெட்டு' என்ற பெயரை நம்பியிருந்தாள். வெண்டலைப் பற்றி நினைத்ததில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதியைத்தான்.

திங்கட்கிழமை எமில் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆலையின் லேத்தில் ஒரு முளை கடைந்துகொண்டு வந்தான். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடிமன் கூட. கண்ணாடி மாதிரி பளபளப்பு. கைக்குட்டையில் சுற்றி, மோதிரம் கொடுக்கிறவன் மாதிரி மேஜையில் வைத்தான்.

"அம்மா இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாங்க?"

"'இதுக்கா இவ்வளவு நாள்'னு சொல்லியிருப்பாங்க," என்றாள் ட்ரூடி.

செவ்வாய்க்கிழமை மாலை குவாரியில் அவள் சுட்டதைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எமிலிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் பாட்டு முணுமுணுத்ததால் அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

*

ஹாம் போட்டிக்குக் கிளப்பே திரண்டிருந்தது. சமையலறையில் மிளகாய் பீன்ஸ் கொதித்தது. பரிசு ஹாம், புகையில் வாட்டிய பன்றித் தொடை, வலைத்துணி கட்டி, கொக்கியில் தொங்கியது. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சட்டைப்பைத் துப்பாக்கி, பதினைந்து கஜம், ஐந்து குண்டு, அவ்வளவுதான் விதி.

வெண்டல் தன் தொண்டையைச் செருமினார்.

"போட்டிக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். யாரும் தப்பா நினைக்கக்கூடாது. நியாயம்னு ஒண்ணு இருக்கு. அதனால ட்ரூடியோட துப்பாக்கிய, என் குண்ட வெச்சு, நானே ஒருதரம் சுட்டுக் காட்டிடுறேன். அப்புறம் 'சுட்டவ சரியில்ல'ன்னு யாரும் அவள சொல்லக்கூடாது பாருங்க."

அவ்வளவு பெருந்தன்மை. குட்டைக் கூட்டில் ஐந்து தோட்டா கட்டியே கொண்டுவந்திருந்தார்.

"தாராளமா," என்று ட்ரூடி துப்பாக்கியைத் திறந்து நீட்டினாள்.

வெண்டல் நன்றாகச் சுடுவார். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அசையாமல் நின்று ஐந்தையும் சுட்டார். தாளை இழுத்தார்கள். ஐந்தில் ஐந்தும் படுக்கையில்.

"பார்த்தீங்களா?" என்றார். தன் ஐந்து குண்டும் இடுப்பால் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் அந்த மாகாணத்தில் இருந்திருக்க மாட்டான். அட்டையை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டார்.

ட்ரூடி கோட்டுக்கு வந்தாள். மீன்பிடிக்காரர் பழைய டப்பாவைத் திறப்பது போல் மருந்து மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, ஐந்து தோட்டாவை எடுத்தாள். மேலே தெரிந்த ஈயம் மங்கலாக இருந்தது. நீல மெழுகும் இல்லை, யாருடைய முகமும் இல்லை.

"அது என்ன ஈயம்?" என்றார் வெண்டல்.

"நீங்க வேண்டாம்னு தள்ளினது."

சுட்டாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு. கொக்கியைத் தூக்கினாள், துப்பாக்கி மடிந்தது, காலிக் கூடுகள் ஐந்தும் துள்ளி விழுந்தன. அந்தச் சத்தம் நின்றபிறகு ஆர்லோ தாளை இழுத்தார்.

ஆர்லோ சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓட்டை ஓட்டையாக நுழைத்துப் பார்த்தார்.

"வட்டம்," என்றார். "வட்டம். வட்டம். இதுவும் வட்டம்." ஐந்தாவதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார், தலைவர் பதவிக்கு அன்றுதான் ஒரு அர்த்தம் கிடைத்தது போல. "வட்டம்."

ஐந்தையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அப்புறம் கைதட்டலில் கூரையே அதிர்ந்தது. எமில் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்தான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.

வெண்டல் தொண்டையைச் செருமினார். கூட்டம் பழக்க தோஷத்தில் அடங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை செருமினார். அப்போதும் வரவில்லை. நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக அந்தத் தொண்டை முன்னுரையோடு நின்றுபோயிற்று.

"குட்டைக்கு முந்நூத்தி அறுபத்தொண்ணு வெண்டல்," என்றாள் ட்ரூடி. "உங்க குண்டு முந்நூத்தி ஐம்பத்தெட்டு. பேரு மட்டும்தான் ஒண்ணு. உங்க குண்டுல குறை ஒண்ணும் இல்ல, நீள முப்பத்தெட்டுக்கு. இதுல..." தோளைக் குலுக்கினாள்.

போட்டி முடிந்தபோது வெண்டலைவிட அவளுக்கு இரண்டு புள்ளி கூட. ஆர்லோ ஹாமைக் கொக்கியிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்தார். எழுதி வைத்திருந்ததைப் புரட்டிப் பார்த்து, "பெட்டில எதை வைக்கணும்னு நீ சொல்லணுமாம்" என்றார்.

ட்ரூடி ஹாமை எமிலிடம் தள்ளினாள். வெண்டலின் மேஜையிலிருந்து குண்டுப் பெட்டி ஒன்றை எடுத்தாள். குட்டை முப்பத்தெட்டுக்கு என்று அவர் கையாலேயே மேலே எழுதியிருந்த பெட்டி. வாசல் கண்ணாடிக்குள், எக்ஸ்ரேவுக்குப் பக்கத்தில், அவர் முகம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு வெண்டலிடம் கையை நீட்டினாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அட்டையைக் கொடுத்தார். அதைப் பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைத்தாள்.

'வேலைக்கு ஆகாதது. பரிசோதித்துச் சான்றளித்தவர்: வெண்டல் ஜே. ப்ரூபேக்கர்.'

ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

*

அடுத்த சனிக்கிழமை கிளப் சமையலறை மேஜையில் ட்ரூடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மரச் சுத்தியல், எண்ணெய்க் குப்பி, எமிலின் மைக்ரோமீட்டர், மீன்பிடி ஈயம் ஒரு டப்பா. அவளுக்கு எதிரே பதினோரு பேர் பழைய துப்பாக்கிகளோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் எமில் ஹாமை அறுத்து ரொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். 'கத்தி நல்ல கத்தி' என்று யாரோ சொல்ல, அவன் முகம் மலர்ந்தது. அம்மாவின் பாராட்டு அது.

வரிசையின் கடைசியில் கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். கையில் பழுப்புக் காகிதப் பை, உள்ளே ஒரு சின்னத் துப்பாக்கியின் கனம்.

அவர் முறை வந்தபோது தொண்டையைச் செருமினார். வரிசையே திரும்பிப் பார்த்தது. ட்ரூடியும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க வெண்டல்."

"ஒண்ணுமில்ல," என்றார் அவர், பையை மேஜைமேல் வைத்து. "ஜலதோஷம்."